லூஸ், டெசர்ட், ஆன்டிக்: இந்த வார ஆங்கில உச்சரிப்பு, எழுத்துக் கேள்விகள்

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டு ஹோட்டல் ஒன்றிலிருந்து: மெனு கார்டில் கவுனி அரிசி, பால் பணியாரத்துக்கு மேலே 'டெசர்ட்' என்று போட ஒரு எஸ்ஸா, ரெண்டா?

ரெண்டு. சாப்பிட்டு முடித்ததும் வரும் இனிப்புக்கு ரெண்டு எஸ், சொல்லும்போது அழுத்தம் பின்பாதியில், 'டிஸர்ட்'. ஒரு எஸ் போட்டால் பாலைவனம், அங்கே அழுத்தம் முன்பாதியில், 'டெஸர்ட்'. அதே ஒரு எஸ் சொல் 'கைவிட்டுப் போவது' என்ற வினையாக வந்தால் மட்டும் இனிப்பைப் போலவே ஒலிக்கும். நடுவில் இருப்பது எல்லாவற்றிலும் இசட் ஒலிதான். அகராதி ஆப்பில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

ஸ்டேஷனரி ரெண்டு இருக்கிறதாமே, எப்படிப் பிரித்துச் சொல்வது?

பிரித்துச் சொல்ல வேண்டாம், ரெண்டும் ஒரே ஒலி. எழுத்தில்தான் வேறு. 'பேப்பர்' என்பதில் வரும் ஈ-ஆர் இருந்தால் எழுதுபொருள், ஏ-ஆர் இருந்தால் அசையாமல் நிற்பது.

தேவகோட்டை: பிரின்சிபல் என்றால் காலேஜ் முதல்வர்தானே, லோன் பேப்பரில் ஏன் வருகிறது? அச்சுப் பிழையா?

பிழை இல்லை. லோன் பேப்பரில் அது அசல். வட்டிக் கணக்கு பார்த்தே வளர்ந்த ஊரில் இது தெரிந்திருக்க வேண்டும். முதல்வருக்கும் அசலுக்கும் முடிவில் ஏ-எல். கொள்கைக்கு எல்-ஈ. ஒலி மூன்றுக்கும் ஒன்றே.

லூஸ், லூஸ், ரெண்டுக்கும் உச்சரிப்பு வித்தியாசத்தைத் தமிழில் எழுதிக் காட்டவும்.

காட்ட முடியாது, பிரச்சினையே அதில்தான் இருக்கிறது. ஒரு ஓ போட்டது தொலைப்பது, தோற்பது. முடிவில் இசட் ஒலி. ரெண்டு ஓ போட்டது தளர்ந்து இருப்பது. முடிவில் எஸ் ஒலி. தமிழ் எழுத்தில் ரெண்டும் 'லூஸ்'தான். விலைக்கான பிரைஸும் பரிசுக்கான பிரைஸும், அரிசி ரைஸும் எழும்புகிற ரைஸும், அறிவுரை என்ற அட்வைஸும் அறிவுரை சொல்கிற அட்வைஸும் இப்படித்தான் ஒன்றாகிப்போகின்றன. கிரிக்கெட் மட்டையும் 'மோசம்' என்ற சொல்லும் கூட 'பேட்' என்றே ஆகிவிடும். அப்படி இருக்க, வாட்ஸ்அப்பில் சுற்றும் 'தமிழில் ஆங்கில உச்சரிப்பு' பட்டியலைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், காசு வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்துகிறவர்களும் அதையே நகல் எடுத்துக் கொடுக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். அந்தப் பிள்ளை நாளைக்கு நேர்முகத் தேர்வில் 'வேலை தளர்ந்துவிட்டது' என்கிற மாதிரிப் பேசிவிட்டு, எங்கே தவறியது என்றே தெரியாமல் வெளியே வரும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள்: இசட் என்றால் முடிவு வரை அதிரும், எஸ் என்றால் அதிர்வு நின்று வெறும் காற்று வரும். இன்னொரு துப்பு, இசட் ஒலிக்கு முன்னால் உயிரொலி கொஞ்சம் நீளும். ஆங்கிலம் பேசிப் பழகிய காது அந்த நீளத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. தமிழ் எழுத்தை நம்பாதீர்கள், அகராதியில் கேளுங்கள்.

'க்ளோஸ்' உச்சரிப்பு என்ன?

எந்த க்ளோஸ்? வாக்கியத்தை எழுதாமல் ஒற்றைச் சொல்லை அனுப்பினால் நான் எதைச் சொல்வது? 'அருகில்' என்றால் எஸ். 'மூடு' என்றால் இசட். உடுத்தும் துணிமணியும் பேச்சில் கிட்டத்தட்ட அந்த 'மூடு' மாதிரியேதான் வரும், அதை 'க்ளாத்தஸ்' என்று இழுக்க வேண்டாம். அடுத்த முறை முழு வாக்கியம் அனுப்புங்கள்.

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு: கடை போர்டில் 'ஆன்டிக்' என்று ஐ-சி போட்டு முடித்திருக்கிறோம், பரவாயில்லையா?

உடனே மாற்றுங்கள். ஐ-சி போட்டால் அது 'கோமாளிச் சேட்டை' என்ற வேறு சொல். பழம்பொருளுக்கு முடிவு கியூ-யூ-ஈ, அழுத்தம் பின்பாதியில், 'ஆன்டீக்'.

ஆத்தங்குடி: டைல்ஸில் இருக்கும் பூ, மாவு, தரை, மூன்றும் ஒரே உச்சரிப்பா?

பூவும் மாவும் ஒன்றே, 'ஃப்ளவர்'. 1755-ல் வந்த சாமுவேல் ஜான்சன் அகராதியில் அவை ரெண்டுக்கும் எழுத்துகூட ஒன்றுதான், பிரித்து எழுதும் வழக்கம் பிறகுதான் நிலைத்தது. மைதா பாக்கெட்டைப் பார்த்து 'ஃப்ளோர்' என்று படிப்பது தவறு. தரை மட்டும் தனி. கதவுக்கான 'டோர்' எப்படியோ, அப்படி.