கேரவனில் முன்னால் அனல், பின்னால் குளிர்

கேள்வி: உச்சிப்புளியில் இருக்கிறோம். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் பழைய கேரவன் ஒன்றை வாங்கினோம். அதில் கேஸ் ஹீட்டர் உண்டு. டிசம்பரில் கொடைக்கானல் போனபோது முன்பக்கம் வெக்கை தாங்கவில்லை. பின் அறையில் படுத்திருந்த அம்மா விடிய விடிய நடுங்கினார். ஹீட்டரும் நின்று நின்று ஓடியது. பெரிய ஹீட்டராக மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குச் சூட்டில் குறையில்லை, காற்று போய்வரத்தான் வழியில்லை என்று நினைக்கிறேன். நின்று நின்று ஓடுவதே அதைக் காட்டுகிறது. ஹீட்டருக்குள் சூடு அளவுக்கு மீறினால் கேஸை நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்கும். புளோயர் தள்ளும் காற்று தடைபட்டால் சூடு உள்ளேயே தேங்கி, அந்தச் சுவிட்ச் அணைத்துவிடும்; ஆறியதும் மறுபடி எரியும். பெரிய ஹீட்டர் வைத்தால் இன்னும் சீக்கிரம் அணையும்.

எல்லோரும் சூடான காற்று வெளிவரும் துவாரத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் குனிந்து பார்ப்பது, ஹீட்டர் காற்றை இழுக்கும் ஜாலியை. பெரும்பாலும் கட்டிலுக்கோ அலமாரிக்கோ அடியில் இருக்கும். யாராவது பையையோ போர்வையையோ அதன் மேல் திணித்து வைத்திருப்பார்கள். அங்கே இடத்தை ஒழித்துக் கொடுங்கள். அப்புறம் பின் அறைக் கதவு. உள்ளே போன காற்று திரும்பி வந்தால்தான் அடுத்த காற்று போகும். ஒரு இரவு கதவைச் சற்றே திறந்து வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கதவின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் அறுத்துவிடலாம்.

பிறகு மறைப்புப் பலகையைக் கழற்றி, சூடான காற்றைப் பின் அறைக்குக் கொண்டுபோகும் டக்ட் குழாயைப் பாருங்கள். பழைய வண்டிகளில் அந்த வெள்ளி நிறக் குழாய் இழுப்பறைக்கு அடியில் நசுங்கியோ, மிச்ச நீளம் சுருண்டோ கிடக்கும். மிச்சத்தை வெட்டி, குழாயை இழுத்து நேராக்கி, வளைவுகளை அகலமாக விடுங்கள். இணைப்புகளில் அலுமினிய டேப் ஒட்டுங்கள். துணி டேப்பின் பசை சூட்டில் காய்ந்து உரிந்துவிடும். பின்னால் காற்றுப் போகட்டும் என்று முன் துவாரங்களை முழுக்க மூடிவிடாதீர்கள், மறுபடி ஹீட்டர்தான் அணையும்.

இன்னொன்று நம் கடற்கரைக்கே உரியது. வருஷத்தில் சில நாள் ஓடும் ஹீட்டர், மீதி நாளெல்லாம் உப்புக்காற்றில் நிற்கிறது. வயர் முனைகளில் பச்சை பூத்தால் புளோயருக்கு முழு மின்சாரம் போகாது, விசிறி மெதுவாகச் சுற்றும். பல ஹீட்டர்களில் காற்று பட்டு அசையும் சிறு தகடு ஒன்று உண்டு. அது அசைந்தால்தான் கேஸ் திறக்கும். பேட்டரி இறங்கியிருந்தாலும் இதே கதைதான். வெளியே இருக்கும் புகைத் துவாரத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அதையும் பாருங்கள். மலை ஏறிய பிறகு திண்டாடாமல், புறப்படும் முன் உச்சிப்புளியிலேயே அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். உள்ளே நெருப்பு எரியும் தகட்டுக் கூடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், கார்பன் மோனாக்சைடு நேராகப் படுக்கைக்கு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கேஸ் வேலை தெரிந்த மெக்கானிக்கை வைத்து அந்தக் கூட்டைப் பரிசோதித்த பிறகே ஹீட்டரைப் பற்றவையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கி, அம்மா படுக்கும் அறையிலேயே மாட்டுங்கள்.