சென்னையில் மணிக்கூடு வாங்கலாமா? கொழும்பு ஆட்களின் கேள்விகள்

கல்யாண உடுப்பெடுக்கச் சென்னைக்குப் போகிற எல்லோரும் மணிக்கூட்டையும் அங்கேயே பார்க்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். புறக்கோட்டையில் இருபது வருடமாக மணிக்கூடு திருத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, மாப்பிள்ளைக்கு ஒரு ஒமேகா, அந்த சுவிஸ் மணிக்கூடு, பார்த்தோம், விலையைக் கேட்டுத் தலை சுற்றிவிட்டது. இந்தியாவில் ஏன் இப்படி?

வரிக்கு மேல் வரி, தங்கச்சி. கைமணிக்கூட்டுக்கான சுங்கத் தீர்வையை 2018 பட்ஜெட்டில் 10 வீதத்திலிருந்து 20 வீதமாக்கினார்கள். அந்தக் கணக்கில் 100 ரூபாய்க்கு இறங்கும் மணிக்கூட்டுக்குத் தீர்வை 20, அந்தத் தீர்வையில் பத்தில் ஒரு பங்கு சமூக நல மேல்வரி 2, ஆக 122 ரூபாய். அதன் மேல் 18 வீத ஜிஎஸ்டி, அதாவது பொருள் சேவை வரி, விழுந்தால் 143 ரூபாய் 96 சதம். கடை வாடகையும் இலாபமும் இனித்தான் ஏறும், சுவிஸ் பிராங்க் ரூபாயைவிட ஏறிக்கொண்டே போவது வேறு.

கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவர்: சுவிஸ் வர்த்தக ஒப்பந்தத்தால் விலை இறங்குமாமே, பொறுத்திருக்கட்டுமா?

ஒப்பந்தம் உண்மைதான். சுவிட்சர்லாந்து, நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நான்கும் இந்தியாவோடு 2024 மார்ச்சில் கையெழுத்திட்டன, 2025 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சுவிஸ் மணிக்கூட்டுத் தீர்வை ஒரே நாளில் போகாது, ஏழு வருடத்தில் படிப்படியாகத்தான். ஜிஎஸ்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது அப்படியே நிற்கும். கல்யாணம் அடுத்த தை மாதமென்றால் இதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

தெஹிவளையிலிருந்து: வெளிநாட்டவருக்கு அந்த ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவார்களா?

சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது, நடைமுறைக்குத்தான் கொண்டுவரவில்லை. சிங்கப்பூரில் 9 வீதமும் துபாயில் 5 வீதமும் வரி, இரண்டு இடத்திலும் சுற்றுலாப் பயணி விமான நிலையத்தில் திரும்பக் கேட்கலாம். அங்கே சொந்தக்காரர் இருந்து நீங்களே போய் வருவதென்றால் நான் அதைத்தான் சொல்வேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போது சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வத்தளை ஐயா: பில் வேண்டாமென்றால் நல்லாக் குறைத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர்?

வேண்டாம் ஐயா! நானே ஒருமுறை அப்படி வாங்கி ஏமாந்திருக்கிறேன், என் தொழிலிலேயே. பெட்டி, கண்ணாடி, முள்ளு எல்லாம் அசலைப் போலவே இருந்தன. வீட்டுக்கு வந்து பின்மூடியைக் கழற்றினால், தானாகச் சாவி ஏறும் எந்திரம் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் வளையத்துக்குள் ஒரு சின்ன பற்றரி. விற்றவரின் தொலைபேசி அன்றே நின்றுவிட்டது, கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லாமல் யாரிடம் போய்ச் சொல்வது? பில்லும் தொடர் இலக்கம் போட்ட உத்தரவாத அட்டையும் இல்லாமல் ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள். இந்தியாவில் 2 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ விற்பவர் காசாகப் பெற்றுக்கொள்வதும் சட்டவிரோதம், பெரிய தொகையைக் கையில் கேட்கிறவர் என்றாலே விலகிவிடுங்கள்.

அதே ஐயா: விலை 10 இலட்சம் இந்திய ரூபாய்க்கு மேல் போனால்?

2025 ஏப்ரல் 22 முதல் விலையில் 1 வீதத்தை வருமான வரிக் கணக்கில் கடையிலேயே அறவிடுகிறார்கள். அங்கே வருமான வரி கட்டுகிறவர் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

பம்பலப்பிட்டி அக்கா: அப்பாவின் பழைய ரோலெக்ஸைக் கட்டிக்கொண்டு சென்னைக் கல்யாணத்துக்குப் போகலாமா?

தாராளமாக, அக்கா. சுங்கத்தில் கேட்டால் காட்டப் பழைய பில்லின் பிரதி ஒன்றைக் கைப்பையில் வையுங்கள், அது இல்லையென்றால் இங்கே திருத்திய சீட்டாவது. போகுமுன் ஒருமுறை என்னிடம் கொண்டுவாருங்கள், அந்த வயது மணிக்கூட்டில் வார் கோக்கும் ஊசி தேய்ந்திருந்தால் கல்யாணக் கூட்டத்தில் கழன்று விழுந்துவிடும்.