நிஜப் படமே இல்லாமல், கணினியில் உருவாக்கிய படங்களை மட்டும் வைத்து ஒரு கணினிப் பார்வை மாடலை (படத்தைப் பார்த்து அதில் இருப்பதை அடையாளம் காணும் நிரலை) பயிற்றுவிக்க முடியுமா?

பயிற்றுவிக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்க நிஜப் படம் வேண்டும், அதில் சமரசமே கூடாது. நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

தட்டில் கலந்து கிடக்கும் திருகாணி, நட்டு, வாஷர் மூன்றையும் கேமரா பார்த்துப் பிரிக்க வேண்டும், அதுதான் வேலை. படத்தில் எது எங்கே இருக்கிறது என்று கையால் குறித்து லேபிள் போட உட்கார்ந்தவன் மூன்றாம் நாளே எழுந்துவிட்டேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், பொருள்களின் முப்பரிமாண மாடல்களைத் தட்டின் மேலிருந்து கொட்டி, விழுந்து கிடந்தபடியே ரெண்டர் எடுத்தேன், அதாவது கணினியையே படமாக வரைய வைத்தேன். எந்தப் பிக்சல் எந்தத் திருகாணிக்குச் சொந்தம் என்று நிரலுக்கே தெரியும், லேபிள் தானாக வந்துவிடும்.

ரெண்டர் படங்களில் சோதித்தால் மதிப்பெண் அள்ளியது. நிஜக் கேமராவில் மாட்டினால், தட்டிலிருந்த கீறலைத் திருகாணி என்றது. இடையில் என் கை குறுக்கே போனது. கட்டைவிரல் நகம் வாஷராம்!

யோசித்தால் அதன் மேல் தப்பில்லை. நான் காட்டிய உலகத்தில் கீறலும் இல்லை, கையும் இல்லை. வெளிறிப்போய் மினுங்குவதெல்லாம் அந்த மூன்றில் ஒன்றுதான்.

சரி, படம் இன்னும் நிஜம்போல இருக்கட்டும் என்று உலோகப் பளபளப்பிலேயே இரண்டு வாரம் தொலைத்தேன். பெரிய பலன் இல்லை. கைகொடுத்தது நேரெதிரான வழி: தட்டுக்கு விதவிதமான வண்ணம், கோணல்மாணலான வெளிச்சம், கேமரா படத்தில் விழும் புள்ளிப்புள்ளியான இரைச்சல், சம்பந்தமே இல்லாத பொருள்கள் என்று எல்லாவற்றையும் தாறுமாறாக மாற்றுவது. 2017-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படி அலங்கோலமான சிமுலேஷன் படங்களை மட்டுமே காட்டிப் பயிற்றுவித்து, நிஜப் பொருளின் இடத்தை 1.5 செ.மீ. துல்லியத்தில் கண்டுபிடித்தார்கள். பார்த்தால் கண் வலிக்கும் படங்கள் அவை. எல்லாமே மாறும்போது, மாறாத வடிவத்தைத்தான் மாடல் பிடித்துக்கொள்ள முடியும்.

அப்புறம் கடைசியில் 150 நிஜப் படங்களைக் காட்டி மாடலைச் சற்றுச் சரிசெய்தேன். நகப் பிரச்சினை அத்தோடு ஒழிந்தது. சோதனைக்கென்று எடுத்து வைத்த படங்களை மட்டும் இதில் கலக்கவே இல்லை.

உங்களுடையது ஆழத்தை அளக்கும் கேமரா என்றால் வேலை சுலபம். நிறமும் துணியில் அச்சிட்ட கோலங்களும் அதில் பதிவாகாது. மைக்ரோசாஃப்ட்டின் விளையாட்டுக் கேமராவான கினெக்ட்டுக்கு மனித உடலின் பாகங்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்ததே பெரும்பாலும் செயற்கை ஆழப் படங்களை வைத்துத்தான். முப்பரிமாண மாடல் கையில் இல்லையென்றால், பொருளின் புகைப்படத்தை வெட்டி வேறு பின்னணிகளில் ஒட்டிப் பாருங்கள். ஓரங்களைக் கலக்கும் விதத்தை மட்டும் படத்துக்குப் படம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது பொருளை விட்டுவிட்டு வெட்டிய தடத்தைக் கற்றுக்கொள்ளும்.