மரவேலை கிளப்புக்குள்ள சின்னச் சின்ன குழு ஆரம்பிச்சா சரி வருமா? எங்க கோயமுத்தூர் அனுபவம்

உங்க கிளப்ல முப்பத்தஞ்சு பேர் இருக்கீங்க, மாசக் கூட்டத்துக்கு பத்து பேர் வந்தாலே பெருசு, ஒருத்தருக்கு கடைசல் (லேத் மெஷின்ல மரத்த சுத்த விட்டு உளியால உருவம் எடுக்கறது) புடிக்குது இன்னொருத்தருக்கு ஃபர்னிச்சர் புடிக்குது, அதனால ஆர்வத்துக்கு ஏத்த மாதிரி சின்ன குழுவா பிரிக்கலாமா, பிரிச்சா கிளப்பே உடைஞ்சு போயிடுமான்னு கேட்டிருக்கீங்க.

பிரிக்கலாங்க, பயப்படாம பண்ணுங்க. ஆனா ஒன்னு, குழுவ ஒரு தலைப்பு வெச்சு ஆரம்பிக்காதீங்க, ஒரு வேலைய வெச்சு ஆரம்பிங்க. அதுவும் ஒரே நாள்ல முடியாத வேலையா பாத்து எடுங்க. இது எங்களுக்குப் புரியவே ஒரு வருஷம் ஆச்சு.

நான் கோயமுத்தூர்ல ஒரு மரவேலை கிளப்ல ஆறு வருஷமா இருக்கேன். நாப்பது பேர் கிட்ட இருக்கோம், ஐடில இருக்கற பசங்க, ஃபவுண்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க, ரெண்டு டாக்டர், ஸ்கூல் டீச்சர் அக்கா ஒருத்தங்க, இப்படி எல்லா மாதிரியும். மொத தடவ நாங்க என்ன பண்ணோம்னா கூகுள் ஃபார்ம் ஒன்னு போட்டு எட்டு தலைப்பு குடுத்தோம், கைக்கருவி, கடைசல், ஃபர்னிச்சர், பொம்மை, செதுக்கு வேலை, பாலிஷ்னு, எல்லாரும் நாலு அஞ்சு டிக் பண்ணி அனுப்பிட்டாங்க, நாங்களும் சந்தோஷமா எட்டு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம். ரெண்டு மாசத்துல எட்டும் அமைதியாயிடுச்சு. யாருக்கும் ஆர்வம் இல்லாம இல்ல. எங்க, எந்தக் கிழமை, யார் வீட்ல, எந்தப் பலகைய வெச்சுன்னு எதுவுமே அதுல இல்ல, அதான் காரணம்.

அப்புறம் குழு தானா உருவாச்சு. சரவணம்பட்டி பக்கம் இருக்கற ஒரு அண்ணன் கார் ஷெட்ல லேத் போட்டிருந்தாரு. அவங்க தெருவுல ஒரு மாமரம் வெட்டினாங்க. மெயின் குரூப்ல ஒரு போட்டோ போட்டு, "ஈர மரம், இப்படியே கிடந்தா ஒரு வாரத்துல வெடிச்சிரும், சனிக்கிழமை காலைல யாராச்சும் வந்தீங்கன்னா ஆளுக்கொரு கிண்ணம் கடைஞ்சு எடுத்துக்கலாம்"னு ஒரே ஒரு வரி. நாலு பேர் போனோம். அந்த நாலு பேரும் அந்த அண்ணனும்தான் இன்னைக்கு வரைக்கும் எங்க கடைசல் குழு.

ஏன் அந்தக் குழு மட்டும் நிலைச்சுதுன்னு நான் நிறைய யோசிச்சிருக்கேன். பச்சை மரத்துல கிண்ணம் கடையறது ஒரே மூச்சுல முடியாது. வெட்டின உடனே தலைப்பக்கம் ரெண்டுலயும் மெழுகு பூசணும், இல்லைன்னா அங்க இருந்து தண்ணி வேகமா போயி விரிசல் விடும். அப்புறம் குத்துமதிப்பா கடையணும், சுவர் கனம் குறுக்களவுல பத்துல ஒரு பங்கு, அதாவது பத்து இன்ச் கிண்ணம்னா ஒரு இன்ச் கனம் விட்டு வெச்சுடணும். பேப்பர் பைல போட்டு தேதி எழுதி அலமாரில வெச்சா ஆறு மாசம் மெதுவா காயும், காயும்போது வட்டம் முட்டை மாதிரி கோணிக்கும், அந்தக் கோணலுக்காகத்தான் அந்த ஒரு இன்ச்ச விட்டு வெக்கறதே. காஞ்சதுக்கு அப்புறம் திரும்ப லேத்ல ஏத்தி கடைசியா கடையணும். மொத சனிக்கிழமையே எங்க கையில அஞ்சு பேப்பர் பை இருந்துச்சு, ஒவ்வொன்னுலயும் பேரும் தேதியும் இருந்துச்சு, அஞ்சும் அந்த அண்ணனோட அலமாரில இருந்துச்சு. போகாம எப்படி இருக்க முடியும்? எங்க அடுத்த மீட்டிங்குக்கு மரமே தேதி குடுத்துடுச்சு. நடுவுல இருக்கற வாரங்கள்ல தீட்டறது, சின்னச் சின்ன டப்பா கடையறதுன்னு தானா வேலை வந்துச்சு.

கடைசல்காரங்க இப்படி ஒன்னு சேர்றது எல்லா ஊர்லயும் இருக்கு போல. அமெரிக்காவுல 1986-லயே கடைசல் பண்றவங்க தனியா ஒரு தேசிய சங்கம் ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷமே பிரிட்டன்லயும் ஒன்னு வந்துச்சு. லேத் ஒன்னு இருந்தா ஒருத்தர் கடைய மத்தவங்க சுத்தி நின்னு பாக்கத்தான் தோணும்.

எத்தனை பேர்னு கேட்டீங்கன்னா, நாலுல இருந்து ஆறு. ஒரு பெஞ்ச சுத்தி ஆறு பேர் நின்னா எல்லாருக்கும் உளி முனை தெரியும், ஏழாவது ஆள் முதுகுக்குப் பின்னாடி நிக்கணும், அவரு ரெண்டாவது வாரம் வரமாட்டாரு. லேத்துக்கு இன்னும் கம்மியா இருந்தாலே நல்லது, சுத்தற மரத்துக்கு நேர் எதிர்ல யாரும் நிக்கக்கூடாது இல்லையா, தெறிச்சா அந்தக் கோட்டுலதான் வரும். பாதுகாப்பு விஷயத்துல எங்க கடைசல் குழு ரொம்ப கண்டிப்பு, முழு முகத்தையும் மூடற கண்ணாடி மாதிரி முகக்கவசம் இல்லாம யாரும் ஸ்விட்ச் மேல கை வெக்கக்கூடாது, வேகத்துக்கு ஒரு கணக்கு சுவத்துலயே எழுதி வெச்சிருக்கோம்: இன்ச்ல குறுக்களவையும் நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கறதையும் பெருக்கினா ஆறாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் நடுவுல இருக்கணும். பத்து இன்ச் கிண்ணம்னா 600-ல இருந்து 900 சுத்து. மரம் கோணலா இருந்தா அதுக்கும் கீழ. இந்த மாதிரி விஷயத்துல யாரு வீட்ல நடக்குதோ அவங்க சொல்றதுதான் கடைசி, கிளப் தலைவரே வந்தாலும் சரி.

இப்ப நான் ரொம்ப மனசுல வெச்சிருக்கற விஷயத்துக்கு வர்றேன். எங்க கிளப்ல ஒரு ஐயா இருக்காரு, நாப்பது வருஷம் பேட்டர்ன் பண்ணவரு. கோயமுத்தூர்ல பம்ப்பு, மோட்டார்னு வார்ப்பு வேலை எவ்வளவு நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், அந்த வார்ப்புக்கு மணல்ல அச்சு எடுக்கறதுக்கு மொதல்ல மரத்துல அதே உருவம் செய்யணும், அதுதான் பேட்டர்ன். இவரு ரெண்டு வருஷம் மாசக் கூட்டத்துக்கு தவறாம வந்தாரு, கடைசி வரிசைல உக்காந்தாரு, ஒரு வார்த்த பேசல. புரொஜெக்டர் போட்டு ஒருத்தர் பேச நாப்பது நாற்காலி முன்னாடி பாத்து இருக்கற எடத்துல அவரு என்ன பேசுவாரு, அவருக்கு கையில மரம் வேணும்.

கைக்கருவி குழு ஆரம்பிச்சப்ப டீச்சர் அக்கா வீட்டு மொட்டமாடி ஷெட்ல அஞ்சு பேர் கூடினோம், ஐயாவையும் கூப்பிட்டோம். ஒரு தம்பி பெட்டி பண்ண அளந்துட்டு இருந்தான், ஐயா கொண்டு வந்த ஸ்கேல எடுத்து அளந்தா அளவு ஒத்து வரல. "ஐயா, இந்த ஸ்கேலு தப்பா இருக்குங்க"ன்னான். அவரு சிரிச்சுட்டு, "இல்ல தம்பி, அது வார்ப்பு ஸ்கேலு, அடிக்கு ஒரு நூல் கூட இருக்கும். இரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் சுருங்கும், அத மரத்துலயே கூட்டி வெக்கணும்"னு சொன்னாரு. ஒரு நூல்னா எட்டுல ஒரு இன்ச்னு அந்தத் தம்பிக்கு அன்னைக்குத்தான் தெரியும். அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் ஐயா பேசினாரு. மணல்ல இருந்து பேட்டர்ன உருவும்போது ஓரம் உடையாம இருக்க பக்கத்துக்கு எவ்வளவு சரிவு குடுக்கணும், மூலைல ஏன் கூர் விடக்கூடாது, மரம் ஈரத்துல உப்பினா அளவு எப்படி போயிடும்னு. உளி தீட்டறதும் அவருதான் எங்களுக்கு திரும்ப சொல்லிக் குடுத்தாரு, மொதல்ல பின்பக்கத்த தட்டையாக்குங்க, கண்ணாடி மாதிரி ஆகற வரைக்கும் முன்பக்கத்த தொடாதீங்க, 25 டிகிரி சாய்வு புடிச்சுட்டு நுனில மட்டும் 30-க்கு ரெண்டு இழுப்பு. நான் யூட்யூப்ல நூறு தடவ பாத்த விஷயம், ஆனா அவரு என் கைமுட்டிய புடிச்சு கல்லு மேல இழுத்தப்பதான் வந்துச்சு. சின்னக் குழு வேணும்னு நான் சொல்றதுக்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். உங்க கிளப்லயும் கடைசி வரிசைல ஒரு ஐயா இருப்பாரு, தயவுசெஞ்சு தேடிப் பாருங்க.

அதே குழுல மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு ஆசாரி அண்ணன் வர்றாரு, கழுந்தும் துளையும் (ஒரு கட்டையோட முனைய இன்னொரு கட்டையோட துளைல சொருகற இணைப்பு) போடறது சொல்லித் தர்றாரு. அவருக்கு ஒரு நாள் கூலிய முழுசா குடுக்கறோம், அது நாங்க ஆரம்பத்துலயே முடிவு பண்ணது. நமக்கு பொழுதுபோக்கு, அவருக்கு அது பொழப்பு. சும்மா வந்து சொல்லிக் குடுங்கன்னு கேக்கறது சரியில்ல.

எல்லாக் குழுவும் நிலைச்சுதுன்னு நெனைக்காதீங்க. பாலிஷ் குழு நிலைக்கல, மாசாமாசம் பாலிஷ் போட யாருகிட்டயும் முடிஞ்ச பொருள் இல்ல. இப்ப வருஷத்துக்கு ரெண்டு ஞாயிறு மட்டும் எல்லாரும் சேர்ந்து பண்றோம், அது நல்லா போகுது. (ஆளி விதை எண்ணெய் தொட்ட துணிய மட்டும் சுருட்டி குப்பைல போடாதீங்க, காயும்போது சூடாகி தானாவே தீப்புடிக்கும், விரிச்சு காயப் போடுங்க இல்லைன்னா தண்ணில முக்குங்க.) செதுக்கு வேலைக்கு வாட்ஸ்அப் குரூப்போட சரி, குழுவா கூடவே இல்ல. ஒரு குழு நின்னு போச்சுன்னா விட்டுடுங்க, கூட்டம் போட்டு விசாரிக்காதீங்க.

பொம்மை குழு நல்லா நடக்குது, பக்கத்து அங்கன்வாடிக்கு மரப் பொம்மை செஞ்சு குடுக்கறாங்க. மூணு வயசுக்குக் கீழ இருக்கற புள்ளைங்களுக்கு செய்யறதால ஒன்னேகால் இன்ச் குழாய் ஒன்னு வெச்சிருக்காங்க, அதுக்குள்ள போற எந்தத் துண்டும் பொம்மைல தனியா கழண்டு வரக்கூடாது, தொண்டைல சிக்கிடும். யாருக்காக செய்யறோம்னு தெரிஞ்சதும் அந்தக் குழுல ஒருத்தர் கூட லீவு போடறதில்ல.

நாலே பேர் இருக்கற மரம் அடையாளம் பாக்கற குழு ஒன்னும் இருக்கு. எங்களுக்கு ஊர்லயே காஸ் வன மியூசியம் இருக்கறது பெரிய வசதி, 1902-ல ஆரம்பிச்சது, அங்க மர மாதிரிகள வரிசையா பாக்கலாம். அவங்கள்ல ஒருத்தர் பெங்களூர்ல மர அறிவியல் நிறுவனம் நடத்தற குறுகிய காலப் பயிற்சிக்கும் போயிட்டு வந்தாரு. பத்து மடங்கு லென்ஸும் கூர் பிளேடும்தான் அவங்க கருவி. குறுக்கு வெட்ட பிளேடால சுத்தமா சீவிட்டு பாத்தா தேக்குல ஒவ்வொரு வளையமும் ஆரம்பிக்கற எடத்துல பெரிய துளைங்க வரிசையா தெரியும், மாமரத்துல அப்படி வரிசை கட்டாம பரவலா கிடக்கும். மரக்கடைக்குப் போகும்போது கிளப்ல எல்லாரும் இவங்கள்ல ஒருத்தர கூட்டிட்டுப் போறோம், ஏன்னா சாயம் பூசின மரத்த தேக்குன்னு வாங்கி ஏமாந்தவங்க எங்கள்லயே மூணு பேர் இருக்கோம்.

கிளப் உடையுமான்னு கேட்டதுக்கு. எங்களுக்கு உடையற மாதிரி ஒரே ஒரு தடவ வந்துச்சு, அது மெஷினால. ஒரு குழுல நாலு பேர் காசு போட்டு திக்னஸ் பிளேனர் (பலகைய ஒரே கனத்துக்கு சீவற மெஷின்) வாங்கினாங்க, ஒருத்தர் வேலை மாறி ஊர விட்டுப் போனப்ப பங்க திருப்பிக் கேட்டாரு, மத்த மூணு பேருக்கும் குடுக்க மனசில்ல, பேச்சு வளந்து ரெண்டு பேர் கிளப்பயே விட்டுட்டாங்க. எனக்கு இன்னும் வருத்தம்தான். அப்புறம் எழுதி வெச்சோம்: பொதுவா வாங்கற மெஷின் எல்லாம் கிளப்போடது, யாரு வீட்ல வேணா இருக்கலாம், பிளேடு தேயற செலவ யூஸ் பண்றவங்க குடுக்கணும், வெளிய போறவங்களுக்குப் பங்கு கிடையாது. மெஷின் வாங்கறதுக்கு முன்னாடியே இத எழுதிடுங்க.

மத்தபடி கிளப்ப சேத்து வெக்கறது ரெண்டு பழக்கம். மாசக் கூட்டத்துல மொத இருவது நிமிஷம் ஒரு மேஜை, ஒவ்வொரு குழுவும் அந்த மாசம் செஞ்சதுல ஒரு பொருள அதுல வெக்கணும், வெடிச்ச கிண்ணமா இருந்தாலும் சரி. உண்மைல வெடிச்சதுக்குத்தான் அதிகம் கேள்வி வரும், ஏன் வெடிச்சுது, மெழுகு பூசுனீங்களா, மரத்தோட நட்டநடுவுல இருக்கற தண்டு கிண்ணத்துக்குள்ள இருந்துச்சான்னு. இன்னொன்னு, ஒவ்வொரு குழுவும் கூடும்போது ஒரு ஸ்டூல் காலியா வெக்கணும், கிளப்ல இருக்கற யார் வேணா அன்னைக்கு அதுல வந்து உக்காரலாம், சொல்லிட்டு வந்தா போதும். பொம்மை குழுவுக்கு ஆள் வந்ததெல்லாம் அந்த ஸ்டூல் வழியாத்தான்.

உங்க முப்பத்தஞ்சு பேர்ல வீட்ல பெஞ்சோ லேத்தோ போட்டிருக்கறவங்க யாருன்னு மட்டும் இந்த மாசம் விசாரிங்க. அவங்கள்ல ஒருத்தர்கிட்ட பாதில நிக்கற வேலை ஏதாச்சும் இருக்கும், அத போட்டோ எடுத்து கிழமையும் நேரமும் போட்டு அவரையே அனுப்ப சொல்லுங்க. ரெண்டு பேர் வந்தாலும் ஆரம்பிச்சுடுங்க. கோயமுத்தூர் பக்கம் வந்தா சனிக்கிழமை காலைல வாங்க, எங்க ஷெட்லயும் அந்த ஸ்டூல் காலியாத்தான் இருக்கும்.