22 வயசுல ரேஸிங் ஆரம்பிச்சா தாமதமா?

22 வயசு, வாடகை கார்ட்டிங்கும் (சின்ன ரேஸ் வண்டி ஓட்டுறது) சிமுலேட்டரும்தான் அனுபவம், வேலையை விட்டுட்டு முழுநேரமா இறங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேலையை விடாதீங்க. ரேஸிங்ல திறமைக்கு முன்னாடி பணம்தான் தீரும்.

ஃபார்முலா 1 கனவு மட்டும்தான்னா, உண்மையைச் சொல்றேன், கிட்டத்தட்ட நடக்காது. ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு, கீழ்மட்டத் தொடர்கள்ல ஓட்டிச் சேர்த்த 40 புள்ளிகள் வேணும், அதை எடுக்கிற பசங்க பெரும்பாலும் எட்டு வயசுலயே கார்ட்டில் உட்கார்ந்தவங்க. டேமன் ஹில் 31 வயசுலதான் ஃபார்முலா 1-க்கு வந்து 1996-ல சாம்பியன் ஆனார், ஆனா அது வேற காலம், அப்பாவும் உலக சாம்பியன்.

ஜிடி (சாலையில ஓடுற ஸ்போர்ட்ஸ் கார்களை வெச்சு உருவாக்கின ரேஸ் கார்கள்), எண்ட்யூரன்ஸ் (ஓட்டுநர்கள் மாறி மாறி பல மணி நேரம் ஓட்டுற ரேஸ்) பக்கம் பாருங்க. ஜான் மார்டன்பரோ 2011-ல ரேஸிங் வீடியோ கேம் போட்டியில ஜெயிச்சு, 2013-ல லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல தன் பிரிவில் மூணாவது இடம் பிடித்த அணியில் ஓட்டினார். அங்கே ஓட்டுநர்களை பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம்னு உலக மோட்டார் ரேஸிங் அமைப்பான எஃப்ஐஏ தரம் பிரிக்குது, வெண்கலம்தான் கடைசித் தரம். உலக எண்ட்யூரன்ஸ் தொடரின் ஜிடி கார்களுக்கான எல்எம்ஜிடி3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கல ஓட்டுநர் இருந்தே ஆகணும், பெரும்பாலும் பணக்கார அமெச்சூர்தான், அதனால அவரோட பொறுமையா பழகி, டேட்டாவைப் பார்த்து எங்கே பிரேக் சீக்கிரம் போடுறார்னு சொல்லித்தரத் தெரிஞ்ச வேகமான ஓட்டுநருக்கு அணிகள் சம்பளம் தருது. நிறைய பேரோட தொழிலே இதுதான்.

இந்த வருஷம் சொந்த கார்ட் வாங்காம, ஒரு கிளப் தொடர்ல (அமெச்சூர்களுக்கான ரேஸ் தொடர்) ஒரு அணியோட வண்டில சீட் வாடகைக்கு எடுங்க. அப்புறம், ஒவ்வொரு ரேஸுக்கும் ஒரு செட் டயர் கூடுதலா பட்ஜெட்ல போடுங்க, எல்லாரும் கோட்டை விடுறது அங்கேதான்.