அடையாள அட்டை இல்லாத நாட்டில் அடையாளத்தை நிரூபிப்பது

அன்புள்ள தம்பிக்கு,

கிளிநொச்சியிலிருந்து மேற்படிப்புக்காக லண்டன் வந்த உங்களுக்கு இங்கே எவரும் ஓர் அடையாள அட்டை தரவில்லை என்றும், ஆனால் வங்கியும் வீட்டுக்காரரும் வேலை தருபவரும் ஆளுக்கொரு அத்தாட்சி கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். விசாவைக்கூட கையில் தராமல் இணையத்தில் மட்டும் வைத்திருக்கும் முறையை எப்படி நம்புவது என்றும் கேட்டிருந்தீர்கள். இவை இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு முகங்கள் என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

அட்டை இல்லாதது இந்த நாட்டின் கவனக்குறைவு அல்ல. மக்கள் வேண்டாம் என்று சொன்னதால்தான் அது இல்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டில் இங்கும் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுக்கப்பட்டது, போர் முடிந்த பின்னரும் பொலிசார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1950 டிசம்பரில் வட லண்டனில் வாகனத்தில் வந்த கிளாரன்ஸ் வில்கொக் என்பவர் தமது அட்டையைக் காட்ட மறுத்தார். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. சட்டப்படி அவர் குற்றவாளி என்றே முடிவானபோதும், போர்க்காலத் தேவைக்காக வந்த சட்டத்தை இப்படிப் பயன்படுத்துவது தகாது என்று பிரதம நீதியரசர் கொடார்ட் பிரபு கண்டித்தார். 1952இல் அட்டைமுறை ஒழிந்தது. பின்னர் 2006இல் தொழிற்கட்சி அரசு புதிய அடையாள அட்டைச் சட்டம் கொண்டு வந்தது, 2010இல் அடுத்த அரசு அதை நீக்கி, பின்னர் திரட்டிய தரவுகளையும் அழித்தது. 2025 செப்டம்பரில் பிரதமர் கியர் ஸ்டார்மர் மின்னணு அடையாளத் திட்டத்தை அறிவித்தபோது, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை எதிர்த்து நாடாளுமன்ற மனுவில் கையொப்பமிட்டார்கள். இன்றைக்கும் தெருவில் நடந்து போகும் ஒருவர் அடையாளப் பத்திரம் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை.

இது எவ்வளவு பெரிய விடயம் என்பது நம்மவர்களுக்குத்தான் நன்றாக விளங்கும். இலங்கையில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த தேசிய அடையாள அட்டை, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நம்மை ஆளாக அல்ல, ஊராகவும் இனமாகவும் பார்ப்பதற்கு உதவியது. வடக்கு, கிழக்கில் வழங்கப்பட்ட அட்டைகளில் தமிழும் இருந்ததால், எழுத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே யார் என்று தெரிந்துவிடும். 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை நூற்றுக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள், உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது நின்றது. அவர்களிடம் அடையாள அட்டை இல்லாமல் இல்லை. அட்டை இருந்தால் ஆபத்து வராது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒரே அட்டை இல்லை என்பதற்காக இங்கே யாரும் நம்மை வெறும் வாய்ச்சொல்லில் நம்பிவிடுவதில்லை. அட்டை செய்யும் வேலையைப் பத்துக் கடிதங்கள் செய்கின்றன, அந்தக் கடிதங்களைத் தருபவர்களும் கேட்பவர்களும் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். வங்கிக் கணக்குத் திறக்க முகவரி அத்தாட்சி வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு வங்கிக் கூற்று வேண்டும். உங்களைப் போன்ற மாணவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: முழுநேர மாணவர்கள் மட்டுமே வாழும் வீட்டுக்குக் கவுன்சில் வரி கிடையாது என்பதால், எல்லோரும் கேட்கும் அந்த வரிப் பத்திரம் உங்கள் பெயருக்கு வராமலே போகலாம். ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ நம்மவர் வீட்டில் ஓர் அறை எடுத்து, வாடகையைக் காசாகக் கொடுத்து, ஒப்பந்தம் இல்லாமல் இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். வீட்டுக்காரர் தெரிந்தவராக இருந்தாலும் எழுத்தில் வாடகை ஒப்பந்தம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் தங்காதீர்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் நாளைக்கு உங்கள் வாழ்க்கையின் அந்த மாதங்களை நிரூபிக்க வேறு ஒன்றும் இருக்காது.

இந்த வட்டத்தை உடைக்கும் இடம் பல்கலைக்கழகம். வங்கிக்கு என்றே தனியாக ஒரு கடிதம் தருவார்கள், அதில் இங்குள்ள முகவரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்வதற்கு அடையாளமோ முகவரி அத்தாட்சியோ கட்டாயம் இல்லை என்பது இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையின் விதி. வரவேற்பு மேசையில் வேறு விதமாகச் சொன்னால், பணிவாக அந்த விதியை எடுத்துச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வாழ அனுமதி உள்ளவர், கற்றுக்கொள்பவருக்கான சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். வாகனம் ஓட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும், படமும் முகவரியும் ஒன்றாக உள்ள அட்டை அது என்பதால் நம் பிள்ளைகள் பலர் அதை எடுத்து வைத்திருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதை நம்மவர்கள் பலர் அறியாமலே இருக்கிறார்கள்: இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், சட்டப்படி இங்கே வசிக்கும் நீங்கள் வாக்காளர் இடாப்பில் பெயர் பதியலாம், வாக்கும் அளிக்கலாம். வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் ஒருவரின் முகவரியைச் சரிபார்க்க முதலில் தேடும் இடங்களில் அந்த இடாப்பும் ஒன்று. பதிவு இலவசம், சில நிமிடங்களில் இணையத்தில் முடிந்துவிடும்.

இனி மின்விசா. முன்பு நமக்குப் பிஆர்பி என்ற வதிவிட அட்டை இருந்தது, 2024 டிசம்பர் 31ஆம் திகதியுடன் பெரும்பாலான அட்டைகள் காலாவதியாகின. இப்போது உங்கள் உரிமை அரசின் கணினியில் இருக்கிறது. வீட்டுக்காரரோ வேலை தருபவரோ கேட்டால், உங்கள் கணக்குக்குள் நுழைந்து ஒரு பகிர்வுக் குறியீட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், அது 90 நாட்களுக்குச் செல்லும். திரையைப் படம் பிடித்துக் காட்டினால் அவர்கள் ஏற்க மாட்டார்கள். ஆகவே அந்தக் கணக்கை உங்கள் பல்கலைக்கழக மின்னஞ்சலுடன் இணைக்காதீர்கள், படிப்பு முடிந்ததும் அந்த மின்னஞ்சல் மூடப்படும். இடையில் மாற்றக்கூடிய தொலைபேசி எண்ணையும் கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டைப் புதுப்பித்தால், பயணத்துக்கு முன்பே புதிய எண்ணைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கட்டுநாயக்காவில் விமானம் ஏறும் வரிசையில்தான் பிழை தெரியவரும்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். பயன்படுத்துங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வின்ட்ரஷ் தலைமுறையினருக்கு நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1948 முதல் கரீபியன் தீவுகளிலிருந்து சட்டப்படி வந்து, 1973க்கு முன்பே இங்கு குடியேறியவர்களுக்கு நிரந்தரமாக வாழும் உரிமை இருந்தது, ஆனால் கையில் பத்திரம் எதுவும் தரப்படவில்லை. அரை நூற்றாண்டு கழித்துக் குடிவரவுச் சட்டங்கள் இறுகியபோது, வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அத்தாட்சி கேட்டார்கள். அவர்கள் வந்திறங்கிய காலத்துப் பதிவு அட்டைகளையோ உள்துறை அமைச்சே 2010இல் அழித்திருந்தது. பலர் வேலையையும் வீட்டையும் மருத்துவத்தையும் இழந்தார்கள், சிலர் தடுத்து வைக்கப்பட்டார்கள், நாடுகடத்தப்பட்டார்கள். 2018 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார், ஆனால் இழந்தவர்களுக்கு இழந்த ஆண்டுகள் திரும்பவில்லை. அரசு தன் பதிவைத் தொலைத்தாலும், நிரூபிக்கும் பாரம் நம் தலையில்தான் விழுகிறது. நம் ஊரிலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் எரிந்துபோன பின் அலைந்த அலைச்சலை நீங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள்.

அதனால் ஒரு கோப்பை இன்றே தொடங்குங்கள். விசா முடிவுக் கடிதம், ஒவ்வோர் ஆண்டின் பல்கலைக்கழகப் பதிவு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கூற்று, சம்பளச் சீட்டு, வைத்தியசாலைக் கடிதம் ஆகியவற்றைத் தாளிலும் வையுங்கள், பிரதியாகவும் வையுங்கள். நாட்டை விட்டு வெளியே போய் வந்த திகதிகளையும் எழுதி வையுங்கள், பின்னொரு காலத்தில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தால் அவற்றைக் கேட்பார்கள். பழைய கடவுச்சீட்டை ஒருபோதும் எறிய வேண்டாம்.

கடைசியாகப் பெயர். தகப்பனார் பெயரை முன்னும் நம் பெயரைப் பின்னும் எழுதும் வழக்கத்தால், சிலருக்குத் தகப்பனார் பெயரும் சிலருக்குச் சொந்தப் பெயரும் குடும்பப் பெயராகப் பதியப்படுகின்றன. ஒரே வீட்டில் கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர் இருப்பதை இங்குள்ள எழுதுவினைஞர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து மாறினாலும் கணினி வேறு ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். கடவுச்சீட்டில் உள்ள வரிசையையும் எழுத்தையும் அப்படியே எல்லா இடத்திலும் கொடுங்கள், யாராவது சுருக்கியோ திருப்பியோ எழுதினால் அன்றே திருத்தக் கேளுங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயர் வேறுபடுகிறது என்றால் எனக்கு எழுதுங்கள், சத்தியக் கடதாசி முடிப்பதா, ஊரில் பதிவைத் திருத்துவதா என்பதை வேறுபாட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.