தமிழ் மட்டும் போதுமா? போதும்

வணக்கம் தம்பி. ஆங்கிலம் சரளமில்லை, சிங்கப்பூர் நாடாளுமன்றத் தேர்தலில் தனித்தொகுதியில், அதாவது ஒரே ஒரு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியில், சுயேச்சையாக நிற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக நில்லுங்கள். ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ், இவற்றில் ஒன்றில் நாடாளுமன்றத்தில் பங்கெடுக்கும் அளவுக்குப் பேச, படிக்க, எழுதத் தெரிந்தால் போதும். அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு அதில் எப்போதும் பெருமை.

உங்கள் கவலை வேட்புமனுவில் மற்றவர்கள் போட வேண்டிய கையெழுத்துகளில் இருக்கட்டும். முன்மொழிபவர், வழிமொழிபவர், மனுவை ஆதரித்துக் கையெழுத்திடும் குறைந்தது 4 ஆமோதிப்பாளர்கள், எல்லாரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். பக்கத்து புளோக் அண்ணன் என்றாலும் தொகுதி எல்லை நடுவில் ஓடலாம். ஒவ்வொருவர் பெயரையும் வாக்காளர் பட்டியலில் பார்த்துவிடுங்கள். கூடுதலாக இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வைப்புத்தொகை. 2025 தேர்தலில் 13,500 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு வாக்கு கிடைக்காவிட்டால் திரும்ப வராது, வீட்டில் பேசி முடிவெடுங்கள்.